ஒரே எஞ்சின், இரண்டு பெயர்

பாலையூற்றில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடை. சில மாதங்களுக்கு முன் ஒரு காலை நேரத்தில் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பேக்கரி நடத்தும் இளைஞர் ஒருவர் வந்தார். பாண் விநியோகிக்கும் அவருடைய வேனின் முன்பக்க ஷொக் அப்சோபர் போய்விட்டது. வேன் ஓடாவிட்டால் அடுத்த நாள் பாண் கடைகளுக்குப் போகாது. கடைக்கார நானா உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். இளைஞரின் முகம் மாறியது.

“நானா, என்ட வண்டி நிசான் கிளிப்பர். நீங்க சுசுகி எவரிட சாமானைத் தாறீங்களே?”

“தம்பி, உன்ட வண்டியைப் பெத்தது சுசுகிதான். நிசான் பேர் வச்சது மட்டும்தான்.”

இளைஞருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏமாற்றப்படுகிறோமோ என்ற சந்தேகம் கண்களில் தெரிந்தது. கடைக்காரர் கோபப்படவில்லை. பழைய பாகத்தைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உயரம், துளை, பொருத்தும் இடம் எல்லாம் ஒன்றாகவே இருந்தன. அன்று மாலையே வேன் ஓடியது.

அந்த நானா சொன்னது உண்மை. 2013 இறுதியிலிருந்து ஜப்பானில் விற்கப்பட்ட நிசான் கிளிப்பர் வேன், சுசுகி தயாரித்துக் கொடுத்த எவரி வேன்தான். மஸ்டா ஸ்க்ரம் என்பதும் அதே வேன்தான். முன்பக்க வலை, சின்னம், ஸ்டியரிங்கில் இருக்கும் பெயர் ஆகியவை மாறும். எஞ்சினும் சட்டகமும் மாறாது. இவை மூன்றும் எமது வீதிகளில் தினமும் ஓடுகின்றன. ஆனால் மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பது வாங்கிய பலருக்கே தெரியாது.

சரி, இது சிறிய வேன்களின் கதை. மலிவான வாகனங்களில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் உலகத்தின் மிக விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றின் கதையைக் கேளுங்கள். அதில் எம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

உழவு இயந்திரத்தில் பிறந்த கார்

லம்போர்கினி என்ற பெயரைக் கேட்டதும் தரையோடு ஒட்டியபடி சீறிப் பாயும் மஞ்சள் நிறக் கார்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தப் பெயர் முதலில் பொறிக்கப்பட்டது காரில் அல்ல, உழவு இயந்திரத்தில். பெருச்சியோ லம்போர்கினி இத்தாலியில் ஒரு விவசாயியின் மகன். இரண்டாம் உலகப் போரில் ரோட்ஸ் தீவில் இராணுவ வாகனங்களைப் பழுதுபார்த்தவர். போர் முடிந்ததும் இராணுவம் கைவிட்ட லொறிகளையும் உதிரிப்பாகங்களையும் வாங்கினார். அவற்றின் எஞ்சின்களைக் கொண்டு விவசாயிகளுக்கு டிராக்டர் செய்து கொடுத்தார். 1948இல் அது ஒரு கம்பனியாக உருவானது. எஞ்சினைத் தானே வார்க்க அவரிடம் பணம் இருக்கவில்லை. இருக்கும் எஞ்சினை எந்த வேலைக்கு எப்படித் திருப்பலாம் என்ற அறிவுதான் இருந்தது.

டிராக்டரில் செல்வந்தரான பிறகு பெராரி கார் வாங்கினார். அதன் கிளட்ச் அடிக்கடி பழுதானது. கழற்றிப் பார்த்தபோது தன்னுடைய டிராக்டரில் போடும் அதே வகைக் கிளட்ச்தான் அந்தக் காரிலும் இருந்ததாகவும், விலை மட்டும் பல மடங்கு என்றும் பிற்காலத்தில் அவரே சொல்லி வந்தார். பெராரி முதலாளியிடம் முறையிடப் போய் அவமானப்பட்டுத் திரும்பியதாகவும், அந்த வைராக்கியத்தில்தான் கார் செய்யத் தொடங்கியதாகவும் கதை நீளும். கதையில் மெருகு எவ்வளவு என்பது வேறு விடயம். 1963இல் அவர் சாந்தகாத்தா என்ற சிற்றூரில் கார் தொழிற்சாலை தொடங்கியது வரலாறு.

பெயர் இருந்தும் பணம் இல்லை

லம்போர்கினி கார்கள் உலகப் புகழ் பெற்றன. ஆனால் புகழ் வேறு, கல்லாப் பெட்டி வேறு. 1970களின் தொடக்கத்திலேயே பெருச்சியோ தன்னுடைய பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்கினார். 1978இல் கம்பனி வங்குரோத்து நிலைக்குப் போனது. 1987இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் வாங்கியது. 1994இல் இந்தோனேசிய முதலீட்டாளர்களின் கைக்குப் போனது. கை மாறிக் கை மாறி வந்ததே தவிர, அடிப்படைப் பிரச்சினை தீரவில்லை.

அந்தப் பிரச்சினை என்ன? அளவு. 1990 முதல் 2001 வரை லம்போர்கினி தயாரித்த டியாப்லோ என்ற கார், அந்தப் பதினொரு ஆண்டுகளிலும் மொத்தமாக மூவாயிரத்தை எட்டவில்லை.

வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். ஒரு பாகத்துக்கான அச்சைச் செய்ய 10 இலட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அச்சில் 100 துண்டுகள் மட்டும் வார்த்தால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் 10,000 ரூபாய் ஏறும். அதே அச்சில் 10,000 துண்டுகள் வார்த்தால் 100 ரூபாய்தான் ஏறும். ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தானே வடிவமைத்து, தானே பரிசோதித்து, வருடத்துக்குச் சில நூறு கார்கள் மட்டும் விற்றால் எந்த முதலாளியும் மூழ்கத்தான் செய்வார்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

1998இல் லம்போர்கினியை ஜேர்மனியின் அவுடி வாங்கியது. அவுடி, வொக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த கம்பனி. இங்கேதான் கதை திரும்புகிறது.

2003இல் லம்போர்கினி கல்லார்டோ என்ற கார் வந்தது. அதன் அலுமினிய உடற்சட்டகம் ஜேர்மனியில், அவுடியின் நெக்கார்சுல்ம் ஆலையில் தயாரானது. அலுமினியச் சட்டகம் அவுடிக்குப் புதிதல்ல. 1994இலேயே தன்னுடைய ஏ8 காரில் அதைக் கொண்டுவந்து கைதேர்ந்திருந்தது. ஜேர்மனியில் தயாரான சட்டகம் இத்தாலிக்குப் போய், சாந்தகாத்தாவில் முழுக் காராகப் பொருத்தப்பட்டது.

2006இல் அவுடி தன் பெயரிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியது. அதுதான் ஆர்8. பெயரைத் தந்தது, 2000க்கும் 2005க்கும் இடையில் லெமான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஐந்து தடவை வென்ற அவுடியின் பந்தயக் கார். ஆனால் உடலின் அடித்தளத்தைத் தந்தது கல்லார்டோ. ஆர்8 முதலில் 4.2 லீற்றர் வி8 எஞ்சினோடு வந்தது. 2009இல் 5.2 லீற்றர் வி10 எஞ்சினும் கிடைத்தது. கல்லார்டோவுக்கு அதற்கு முந்திய வருடமே 5.2 லீற்றர் வி10 வந்திருந்தது. அதே குடும்பத்து எஞ்சின். ஹங்கேரியின் கியோர் நகரில் உள்ள அவுடி ஆலையில் செய்யப்பட்டது. லம்போர்கினியில் அது 560 குதிரைவலு. ஆர்8இல் 525.

எஞ்சின் ஒன்று, சட்டகத்தின் அடிப்படை ஒன்று. ஆனால் இரண்டையும் வாங்கியவர்கள் ஒரே ஆட்கள் அல்லர். லம்போர்கினி வாங்குபவருக்கு வீதியில் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆர்8 வாங்குபவருக்கு வேகமும் வேண்டும், தினமும் அலுவலகத்துக்கு அலுப்பில்லாமல் ஓட்டிப் போகவும் வேண்டும். அதனால் அவுடி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளத்தை 90 மில்லிமீற்றர் கூட்டியது. கல்லார்டோவில் 2,560 மில்லிமீற்றர், ஆர்8இல் 2,650. உள்ளே இடம் கூடியது. வெளித்தோற்றம் முற்றாக மாறியது. விலையும் குறைந்தது.

பலன் என்ன? கல்லார்டோ பத்து ஆண்டுகளில் 14,022 கார்கள் தயாரானது. டியாப்லோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2014இல் வந்த ஹுராகானும், 2015இல் வந்த இரண்டாவது ஆர்8உம் இதே உறவைத் தொடர்ந்தன. இரண்டின் தயாரிப்பும் 2024இல் முடிவுக்கு வந்தது. லம்போர்கினியின் ஊருஸ் என்ற பெரிய வாகனமும் அவுடி கியூ8, போர்ஷே கயேன், பென்ட்லி பென்டேகா ஆகியவற்றோடு ஒரே அடித்தளத்தைப் பகிர்கிறது. 2023இல் லம்போர்கினி தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரே வருடத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்களை விற்றது. மொத்தம் 10,112. ஒரு காலத்தில் வங்குரோத்தான கம்பனி இது.

எமது நாட்டவர் ஒருவரும் இந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். இலங்கையின் பந்தய ஓட்டுநர் டிலந்த மாலகமுவ 2010களில் ஆசிய நாடுகளில் நடந்த லம்போர்கினி சூப்பர் ட்ரோபியோ பந்தயங்களில் ஓடினார். அவரோடு இணைந்து ஓட்டியவர் சென்னையைச் சேர்ந்த அர்மான் இப்ராஹிம். எமக்குத் தூரத்துக் கதையாகத் தெரியும் இந்தக் கார், அவ்வளவு தூரத்தில் இல்லை.

கோயம்புத்தூரின் சிறிய பட்டறை

அவுடி பெரிய கம்பனி, அவர்களால் முடியும், எங்களால் முடியுமா என்று கேட்பீர்கள். அதற்குக் கடலுக்கு அப்பால் கோயம்புத்தூரில் பதில் இருக்கிறது.

அங்கே லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் என்பவர் பந்தயப் பிரியர். வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் இறக்குவது இந்தியாவில் அன்று சாதாரண ஆட்களால் முடியாத காரியம். 1980களின் இறுதியில் அவர் ஒரு வழி கண்டார். எல்லா ஊரிலும் ஓடும் மாருதிக் காரின் எஞ்சினை எடுத்து, தன்னுடைய பட்டறையில் செய்த ஒற்றை இருக்கைப் பந்தயச் சட்டகத்தில் பொருத்தினார். பார்முலா மாருதி பிறந்தது. எஞ்சின் பழுதானால் எந்த ஊர்ப் பட்டறையிலும் திருத்தலாம். உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். செலவு குறைந்ததால் பல இளைஞர்கள் பந்தயத்துக்கு வந்தார்கள். அப்படிப் பார்முலா மாருதியில் தொடங்கிய கோயம்புத்தூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் பார்முலா வன் ஓட்டுநர் ஆனார். அவர் அந்த வருடம் ஓட்டிய ஜோர்டான் காரின் எஞ்சினும் ஜோர்டான் செய்ததல்ல, டொயோட்டா கொடுத்தது.

கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் காலமானார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவ்வளவு ஏன், திருகோணமலைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பைபர் படகு கட்டுகிறவர் எஞ்சின் செய்வதில்லை. ஜப்பானில் செய்த எஞ்சினை எல்லோரும் வாங்கிப் பூட்டுகிறார்கள். ஆனால் யாருடைய படகு அலையை நன்றாக வெட்டும், யாருடைய படகு பத்து வருடம் நிற்கும் என்று மீனவர்களுக்குத் தெரியும். எஞ்சின் எல்லோருக்கும் பொது. படகின் வடிவமும் கைவேலையும் கட்டியவருக்குச் சொந்தம்.

பகிர்வதில் உள்ள இரண்டு ஆபத்துகள்

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வியாபாரப் பக்கமாகாது. பகிர்வு இரண்டு விதத்தில் கையைச் சுடும்.

முதலாவது, வித்தியாசமே இல்லாமல் போவது. 1980களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் தன்னுடைய மலிவான ஷெவர்லே கவலியர் காரை எடுத்து, கொஞ்சம் அலங்கரித்து, கடிலக் சிமரோன் என்ற பெயரில் மிக உயர்ந்த விலைக்கு விற்கப் பார்த்தது. வாங்குபவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1988இல் அந்தக் கார் நிறுத்தப்பட்டது. ஆனால் கடிலக் என்ற பெயருக்கு விழுந்த கீறல் ஆறப் பல வருடம் எடுத்தது. அவுடி செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியாத பாகங்களைத்தான் அவுடி பகிர்ந்தது. அவர் கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, காதால் கேட்டு அனுபவிக்கும் பாகங்களைத் தனித்தனியாகச் செய்தது.

இரண்டாவது, ஒருவரின் தவறு எல்லோருடைய தலையிலும் விழுவது. ஜப்பானின் டக்காட்டா கம்பனி காற்றுப் பைகளைச் செய்து பல கார்க் கம்பனிகளுக்கு விற்றது. அவற்றில் சில வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தன. ஹொண்டா, டொயோட்டா, நிசான், பீ.எம்.டபிள்யூ என்று வரிசையாக எல்லாக் கம்பனிகளும் வாகனங்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 கோடி காற்றுப் பைக் கருவிகள். 2017இல் டக்காட்டா வங்குரோத்தானது. எல்லோரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தால், கிணறு கெட்ட அன்று எல்லா வீட்டிலும் தாகம்தான்.

எமது கடைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி. அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டியைக் காப்பாற்றித்தான் தொழில் செய்தோம். அப்போது யாருடைய கடை நிமிர்ந்து நின்றது? எந்தப் பாகம் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று தெரிந்தவருடைய கடை. அவருக்கு அந்த அறிவே முதலீடு.

எனவே வாகனச் சாமான் வியாபாரிகள் பெயரைக் கேட்டுப் பாகம் தேட வேண்டாம். செசி இலக்கத்தையும் பாக இலக்கத்தையும் பார்த்துத் தேடப் பழகுங்கள். கடைப் பையனையும் பழக்குங்கள். ஒரே வேனின் பாகங்களை மூன்று பெயரில் மூன்று தட்டில் அடுக்கி வைத்தால் உங்கள் பணம் மூன்று இடத்தில் தூங்கும். ஆனால் ஒன்று: எந்தப் பாகம் என்பதை வாடிக்கையாளரிடம் உள்ளபடி சொல்லுங்கள். சுசுகிச் சாமானை நிசான் பெட்டியில் போட்டு நிசான் விலைக்கு விற்பது வியாபாரத் தந்திரமல்ல, மோசடி. தராசில் குறைக்காதவர் சொல்லிலும் குறைக்கக் கூடாது.

மற்றத் தொழில் செய்பவர்களும் ஒரு கடதாசியை எடுத்து நடுவே ஒரு கோடு கிழியுங்கள். ஒரு பக்கத்தில், வாடிக்கையாளர் உங்களிடம் எதற்காக வருகிறார் என்று எழுதுங்கள். பேக்கரியென்றால் ருசி. தையல் கடையென்றால் வெட்டு. சாப்பாட்டுக் கடையென்றால் கைப்பக்குவம். இது உங்களுடைய லம்போர்கினி; இதை யாரோடும் பகிராதீர்கள். மறுபக்கத்தில், வாடிக்கையாளர் கண்ணால் காணாத செலவுகளை எழுதுங்கள். கொழும்பிலிருந்து வரும் லொறிக் கூலி, மா மூட்டை, பொதி செய்யும் பை, குளிரூட்டி அறை, மின்பிறப்பாக்கி, கணக்காளர். இவற்றில் எதை அடுத்த கடைக்காரரோடு சேர்ந்து செய்யலாம்?

ஒரே வீதியில் மூன்று பேக்கரிகள் இருந்தால், மூவரும் தனித்தனியாக லொறி பிடித்து மா இறக்குகிறார்கள். மூவரும் ஒரே நாளில் ஒரே லொறியில் இறக்கினால் ருசி மாறிவிடப் போவதில்லை. கூலி மட்டும் மூன்றாகப் பிரியும். போட்டி பாணின் ருசியில் இருக்கட்டும். லொறிக் கூலியில் போட்டி எதற்கு?

ஆனால் சேரும்போது எழுத்தில் சேருங்கள். யார் எவ்வளவு போட்டார், பொருள் சேதமானால் நட்டம் யாருக்கு, ஒருவர் விலக விரும்பினால் எப்படிக் கணக்கு முடிப்பது என்பதெல்லாம் முதல் நாளிலேயே தாளில் இருக்க வேண்டும். உறவினராக இருந்தாலும் இதுதான் முறை. உறவு கெடாமல் இருக்கத்தான் எழுத்து. டக்காட்டாவையும் மறக்க வேண்டாம். ஒரே விநியோகத்தரை எல்லோரும் நம்பியிருந்தால், அவர் கைவிடும் நாளில் மூன்று அடுப்பும் ஒன்றாக அணையும். இரண்டாவது ஒருவரின் தொலைபேசி இலக்கமும் கையில் இருக்கட்டும்.

போர் முடிந்த ஊரில் கைவிடப்பட்ட லொறி எஞ்சினை எடுத்து உழவு இயந்திரம் செய்த மனிதரிடம் தொடங்கியது அந்தப் பெரிய பெயர். எல்லாவற்றையும் தானே செய்ய முயன்ற காலத்தில் அது விழுந்தது. எதைப் பகிர்வது, எதைக் காப்பது என்று தெரிந்துகொண்ட பிறகு எழுந்தது.

அந்தப் பேக்கரி இளைஞரைச் சென்ற மாதம் அதே கடையில் மீண்டும் கண்டேன். இந்தத் தடவை பிரேக் சாமானுக்கு வந்திருந்தார். கடைக்காரர் வாயைத் திறப்பதற்கு முன் அவரே கேட்டார்: “நானா, எவரிக்குப் போடுறது ஒரு சோடி தாங்க. இலக்கம் எழுதிக் கொண்டு வந்திருக்கன்.”